இடது கை, வலது காது

தில்லியில் எங்கள் துவாரகா குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் போன வாரம் ஓர் அறிவிப்பு வந்தது. குழந்தைகளின் கவனத்தை வளர்க்கும் உடற்பயிற்சி, ஞாயிறு காலை, பூங்காவில். கூடவே ஒரு படம். ஒரு சிறுமி இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு பாதி உட்கார்ந்த நிலையில் சிரிக்கிறாள். கீழே ஆளாளுக்குக் கைதட்டி வைத்திருந்தார்கள். எனக்கு மட்டும் உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. அடப்பாவிகளா, இதைச் செய்ததற்குத்தானே என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டுத் துரத்தப் பார்த்தார்கள்!

அப்போது எனக்கு எட்டு வயது. கிட்வாய் நகர் அரசுக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. பென்சில் விழும், எடுக்கப் போவேன், போகிற வழியில் ஜன்னல் இருக்கும், ஜன்னலில் புறா இருக்கும். அப்புறம் பென்சிலாவது ஒன்றாவது. வகுப்பு மேம் டைரியில் எழுதி எழுதிச் சலித்து, கடைசியில் சிவப்பு மையில் ஒரு வரி எழுதினார். இன்னும் ஒரு புகார் வந்தால் பெயரை நீக்கிவிடுவோம், வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள். நடு வருடத்தில் எந்தப் பள்ளி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது? அதில் கையெழுத்துப் போட அப்பாவுக்கு வெகு நேரம் ஆயிற்று. அம்மா என்னை அடிக்கக்கூட இல்லை.

அம்மாவின் தம்பி, என் மாமா, அப்போது எங்களோடு தங்கி குர்காவுனில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். திருநெல்வேலியிலிருந்து வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. மறுநாளே அலுவலகத்திலிருந்து ஒரு தாளை அச்செடுத்து வந்து சுவரில் ஒட்டினார்.

"அக்கா, இவளுக்குப் புத்தியில ஒண்ணும் கொறையில்ல. ஒடம்பு ஆடி முடிச்சாத்தான் மனசு உக்காரும், பாத்துக்கோ."

தாளில் படங்கள் இருந்தன. வலது முழங்கையால் இடது முழங்காலைத் தொட வேண்டும். காற்றில் படுத்த எட்டு வரைய வேண்டும். ஒற்றைக் காலில் நின்று இருபது எண்ண வேண்டும். கடைசிப் படம் சாட்சாத் தோப்புக்கரணம். வாயில் நுழையாத ஓர் ஆங்கிலப் பெயர் அதற்கு. நம்ம பிள்ளையார் சமாச்சாரத்தை வெள்ளைக்காரன் நமக்கே தபாலில் அனுப்பியிருக்கிறான் என்று மாமா விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் சொல்லிக்கொடுப்பதில் கறார். இடது கை வலது காதைப் பிடிக்க வேண்டும், வலது கை இடது காதை. மாற்றிப் பிடித்தால் அது தோப்புக்கரணமே இல்லை. நடுவில் எண்ணிக்கையை விட்டால் முதலிலிருந்து போட வேண்டும்.

சத்தியமாகச் சொல்கிறேன், அது வேலை செய்தது. இரண்டு வாரத்தில் ஒரு பக்கம் கணக்கை எழுந்திருக்காமல் போட்டு முடித்தேன். அம்மா அந்தப் பக்கத்தை அப்பாவிடம் இரண்டு முறை காட்டினாள். வகுப்பிலும் மனசு ஓடினால் பின்னால் போய்ப் பத்துப் போட்டுவிட்டு வந்து உட்கார் என்றார் மாமா. எதற்கு என்று கேட்டால் என்ன சொல்ல என்றேன். "அட்டென்ஷனுக்குன்னு சொல்லு, அவங்களுக்குப் புரியும்லா" என்றார். புரிந்தது, நன்றாகவே புரிந்தது!

அன்று கணக்குப் பரீட்சை. மேம் வருவதற்குள் நடு வரிசைப் பையன் ஒருவன் தண்ணீர் பாட்டிலை வீசினான். அலமாரி மேலிருந்த உலக உருண்டை கீழே விழுந்து தேங்காய் மாதிரி இரண்டாகப் பிளந்தது. ஒரே கூச்சல். எனக்குப் படித்ததெல்லாம் பறந்துவிடும் போலிருந்தது. சமர்த்தாகப் பின்சுவர்ப் பக்கம் போனேன், காதைப் பிடித்தேன், ஆரம்பித்தேன்.

ஏழாவதில் மேம் உள்ளே வந்தார். தரையில் இரண்டு அரை உலகம். நாற்பது பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி மட்டும் காதைப் பிடித்துக்கொண்டு எழுந்து எழுந்து உட்காருகிறாள். தில்லியில் காதைப் பிடித்து உட்கார்ந்து எழுந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். தப்பு செய்தவளுக்குத் தண்டனை.

"அச்சா! தும்னே தோடா?"

நீதான் உடைத்தாயா என்கிறார். பதில் சொன்னால் எண்ணிக்கை போய்விடுமே. எட்டு, ஒன்பது, பத்து என்று முடித்துவிட்டுத்தான் நின்றேன். இதை எதற்குச் செய்கிறாய் என்று கேட்டார். மாமா சொன்னதை அப்படியே சொன்னேன். "அட்டென்ஷன் கே லியே, மேம்."

"ஓ! மகாராணிக்கு அட்டென்ஷன் வேணுமாம்!" என்று இந்தியில் சொல்லி அவர் கையைத் தட்டினார். வகுப்பே சிரித்தது. பாட்டிலை வீசியவனும் சிரித்தான். நாற்பது பேர் கண்ணால் பார்த்தவர்கள், ஒரு வாய் திறக்கவில்லை. அந்த வாய்களுக்கு இன்றைக்கும் என் சாபம் உண்டு.

டைரியில் அப்பாவை வரச்சொல்லி எழுதினார் மேம். மறுநாள் அப்பா லீவு போட்டு என்னோடு வந்தார். நானும் வருகிறேன் என்று கிளம்பிய மாமாவை, உன் இந்தியை வைத்து இருக்கிற இடத்தையும் கெடுக்காதே என்று நிறுத்திவிட்டார். வாசலில் வைத்து என்னிடம் கேட்டார்.

"நீ உடைச்சியாட்டி?"

"இல்லப்பா."

"தெரியும்ட்டி. உள்ள வந்து பேசாம நில்லு."

பிரின்சிபால் மேஜையில் பெயரை நீக்கும் படிவம் ஒன்று இருந்தது. என் பெயர் அதில் எழுதியாகிவிட்டது, கையெழுத்துதான் பாக்கி. அவர் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே பேசினார். அப்பா, "வோ ஏக் எக்ஸர்சைஸ் ஹை, மேடம்" என்று, அது ஒரு பயிற்சி என விளக்கத் தொடங்கினார். வகுப்பு மேம் நடுவில் புகுந்து, குழந்தை தானே ஒப்புக்கொண்டுவிட்டது, அட்டென்ஷனுக்காகச் செய்தேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னது என்றார். ஒப்புக்கொண்டேனாம்! அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பேனா தாளுக்கு வந்துவிட்டது.

அப்பா நாற்காலியை விட்டு எழுந்தார். இரண்டு காதையும் பிடித்துக்கொண்டார்.

"பச்சி ஹை, மேடம். மைம் கான் பகட்தா ஹூம்." சின்னப் பிள்ளை, அவளுக்காக நான் காதைப் பிடித்துக்கொள்கிறேன் என்கிறார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பாடா, ஒருவழியாக அப்பா செய்து காட்டப் போகிறார், இவர்களுக்கும் விளங்கிவிடும். நான் எண்ணத் தயாரானேன். அப்புறம்தான் பார்த்தேன். வலது கை வலது காதில், இடது கை இடது காதில். பதறிப்போனேன்.

"அப்பா, கை மாறிப்போச்சு! இடது கை வலது காதுக்கு. மாமா சொன்னாவல்லா!"

பிரின்சிபாலுக்குத் தமிழ் தெரியாது. என்ன சொல்கிறாள் என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பா காதிலிருந்து கையை எடுக்கவில்லை. என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. "ஸாரி போல் ரஹீ ஹை, மேடம்" என்றார். நான் ஸாரி சொல்கிறேனாம்.

பேனா மூடப்பட்டது. அந்தப் பள்ளியிலேயே பன்னிரண்டாவது வரை படித்தேன். மேம் அதற்குப் பிறகும் என்னை மகாராணி என்றுதான் கூப்பிட்டார்.

வீடு வரும் வரை பஸ்ஸில் அப்பா மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். நான் சொல்லாத ஸாரியைச் சொன்னதாகப் பொய் சொன்னார். கையையும் கடைசி வரை மாற்றவில்லை. ஜன்னல் பக்கம் இடம் தந்தார், வேண்டாம் என்று நின்றுகொண்டே வந்தேன்.

கதவைத் திறந்த மாமா என்ன ஆச்சு என்று கேட்டார். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே போய்விட்டார். நான்தான் சொன்னேன்.

"அப்பாவுக்குத் தோப்புக்கரணமே போடத் தெரியல மாமா. காதை மாத்திப் பிடிச்சாவ. உக்காரக்கூட இல்ல."

சிரிப்பார் என்று பார்த்தேன். மாமா சிரிக்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த தாளை நாலு மூலையும் கிழியக் கிழியப் பிய்த்தெடுத்தார். அப்பா தப்பாகப் போட்டதில் மாமாவுக்கும் கோபம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.