கேசரியோடு உயர்த்திய லெவல்

புது சர்வருக்குப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி, பத்தரை முதல் பதினொன்றரை வரை நல்ல நேரம் என்றார் முதலாளி. திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் அந்தக் கம்பெனியில் கம்ப்யூட்டர் பொறுப்பு என்னுடையது. எப்போது எதைத் தொடலாம் என்பது மட்டும் அவருடையது.

அன்று செய்ய வேண்டியது ஒரே வேலை. புது சர்வரை டொமைன் கன்ட்ரோலர் ஆக்குவது. யாரை உள்ளே விடலாம் என்று பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்க்கும் பதவி அது. சரிப்படாவிட்டால் இறக்கிவிடலாம். கம்பெனியின் சர்வர்கள் எல்லாம் சேர்ந்த டொமைனையே புது முறைக்கு மாற்றுவது, அதாவது அதன் ஃபங்ஷனல் லெவலை உயர்த்துவது, வேறு வேலை. உயர்த்தினால் இறக்க முடியாது. மடத்துக்குளம் பேக்கிங் யூனிட்டில் இருந்த அரதப்பழசான சர்வருக்கு அதன்பிறகு புதுப் பெயர் எதுவும் போய்ச் சேராது. அங்கே மறுநாள் ஒரு பெண் சூப்பர்வைசராகச் சேர இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். ஒரு வாரம் பார்த்துவிட்டுத்தான் வேலை உறுதி என்று சொல்லியிருந்தார்கள். பழைய சர்வரை மாற்றிவிட்டு லெவலைத் தொடுவோம் என்று முதலாளியிடம் காலில் விழாத குறையாகச் சொன்னேன்.

"ஏனுங்க, ஒரே பந்தல்ல கல்யாணத்தையும் காதுகுத்தையும் வெக்கறதில்லீங்களா? இதுக்குன்னு இன்னொருக்கா நேரம் பாத்துட்டு இருக்கோணுங்களா? ரெண்டையும் முடிச்சுப்போடுங்க."

செய்தால் மாற்ற முடியாது என்று திரையே எச்சரித்தது. பின்னால் கேசரித் தட்டோடு பத்துப் பேர் நின்றார்கள். அழுத்தினேன். முதுகெலும்பு என்று ஒன்று அன்றைக்கு எனக்கு இருந்ததாக நினைவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள்.

மறுநாள் அந்தப் பெண்ணுக்குப் பெயரும் கடவுச்சொல்லும் போட்டுக் கொடுத்தேன். மடத்துக்குளத்து சர்வருக்கு அவர் யாரென்றே தெரியவில்லை. பேக்கிங் லிஸ்ட் அடிக்க முடியாமல் கன்டெய்னர் லாரி சாயங்காலம் வரை நின்றது.

"சார், நான் சரியாத்தான் அடிக்கேன். உள்ள விட மாட்டேங்குது" என்று போனில் நாலு தடவை சொன்னார்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "அந்தப் புள்ளைக்குக் கம்ப்யூட்டரே தெரியாதாட்ட இருக்குதுங்களே?"

நல்ல நேரத்தில் செய்த காரியத்தில் குற்றம் இருக்க வாய்ப்பே இல்லை என்ற முகம். உங்கள் காதுகுத்துதான் காரணம் என்பது வாய்வரை வந்தது.

"பழக்கம் பத்தாதுன்னு நெனைக்கறனுங்க" என்றேன்.

அன்றே அந்தப் பெண்ணைப் போகச் சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரம் மடத்துக்குளத்துக்குப் போய்ப் பழைய சர்வரைக் கழற்றிவிட்டுப் புதியதை வைத்தேன். வேலை செய்கிறதா என்று பார்க்க, அவருக்குப் போட்டுக் கொடுத்த பெயரையும் கடவுச்சொல்லையும் அடித்தேன். முதல் தடவையிலேயே உள்ளே விட்டது.