ரோவை நம் ஊருக்கு அழைத்து வந்தவர்

சென்ற வாரம் இந்த இதழின் பக்கங்களோடு அலோர் காஜாவில் நாங்கள் வழக்கமாக நகலெடுக்கும் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் தாள்களை வாங்கக் கை நீட்டவில்லை. "பேக்டீரியா அக்கா தவறிட்டாங்களாம் சார். காலையில பாசார்ல சொன்னாங்க. ஒங்களுக்குத் தெரியாதா?" என்றார். எனக்குத் தெரியாது. நான்காம் பக்கத்தை அவருடைய கட்டுரைக்காகக் காலியாக விட்டிருந்தேன். அந்தப் பக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பேக்டீரியா அக்கா என்று எல்லாரும் கூப்பிட்ட ரெஜினா அக்காவுக்கு பத்து பெரண்டாமில் ஓர் உணவுத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் கிருமி பார்க்கும் வேலை. நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியன். அறிவியல் அவர் பொறுப்பு, தமிழ் என் பொறுப்பு என்று பேசிக்கொண்டு இந்தச் சிறு இதழைத் தொடங்கினோம். பேச்சு பேச்சாகவே இருந்தது. என் பொறுப்பிலும் அவர் தாராளமாகக் கை வைப்பார்.

ஒருமுறை தோட்டத் தொழிலாளர் மண்டபம் ஒன்றில் பேசினார். பேக்டீரியாவின் மரபணுவில் உள்ள செய்தியை ஒரு நொதி ஆர்.என்.ஏ. என்ற இழையாகப் படியெடுத்துக்கொண்டே போகும், அதை நிறுத்த ரோ என்று ஒரு புரதம் வரும் என்றார். முன்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்து, "ரோவா? யாரோட ரோ டீச்சர்?" என்று கேட்டார். மலாய் மொழியில் ரோ என்றால் ஆவி. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அக்கா சிரிக்கவில்லை. "ஆவி இல்லம்மா. ஆவிக்குப் பசிக்காது, இதுக்குப் பசிக்கும். மோதிரம் மாதிரி இருக்கும். அந்த இழையப் புடிச்சிக்கிட்டு, ஏ.டி.பி.ன்னு ஒரு சாப்பாட்ட எரிச்சி எரிச்சி ஓடும். முன்னால போற நொதி எங்கயாச்சும் தயங்கி நிக்கிறப்ப எட்டிப் புடிச்சி, இழைய உருவி விட்டுரும். சாப்பாடு இல்லன்னா ஓட்டமும் இல்ல," என்றார். "அப்ப நம்மள மாதிரிதான்லா," என்று சொல்லிவிட்டு அந்த அம்மா உட்கார்ந்தார்.

அந்தப் பேச்சைக் கட்டுரையாக்கியபோது, 'படியெடுத்தல் முடிவடைகிறது' என்று நான் திருத்தினேன். அக்கா அதை அடித்துவிட்டார். "முடிவடையுதுன்னா அதுவா போயி ஒக்காந்துருச்சின்னு அர்த்தம் வாத்தியாரே. இங்க ஒருத்தன் மூச்சு வாங்க ஓடி வர்றான். அவன எங்க காணோம்?" என்றார். எல்லாப் படியெடுத்தலும் இப்படித்தானா என்று விடாமல் கேட்டேன். இல்லை, சில இடங்களில் இழை தானே மடிந்து முடிச்சு விழுந்து கழன்றுவிடும், அதற்கு யாரும் ஓடி வரத் தேவையில்லை என்று ஒப்புக்கொண்டார். "அந்த எடத்துக்கு வேணும்னா ஒங்க முடிவடைகிறத வச்சிக்குங்க." கட்டுரை 'ரோ நிறுத்துகிறது' என்றே வந்தது.

பிறகு ஒரு கட்டத்தில் எனக்கு இந்த இதழே அலுத்துவிட்டது. யாரும் படிப்பதாகத் தெரியவில்லை. நிறுத்திவிடலாம் என்றேன். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன், அவரோ உடனே தலையாட்டினார். பேக்டீரியாவில் இழை எழுதப்படும்போதே அதைப் படிக்கும் ரைபோசோம்கள் பின்னாலேயே ஏறி வருமாம். அவை நெருக்கமாக வந்தால் ரோவுக்கு ஏற இடம் இருக்காது. படிக்க ஆளில்லாமல் இழை வெறுமனே நீண்டால்தான் ரோ ஏறும். "யாரும் படிக்காத செய்திய நிறுத்துறதுதான் அதோட வேலையே. ஆனா நாம சத்தமில்லாம விட்டுட்டா அது நிறுத்துறது இல்ல, சோம்பேறித்தனம். வாங்க, இதழ வாங்குறவங்களப் பாத்து நேர்ல சொல்லுவோம்," என்று காரை எடுத்தார்.

முதலில் கோலா சுங்கை பாருவில் ஒரு முடிதிருத்தும் கடைக்குப் போனோம். காத்திருப்பவர்கள் புரட்டுவதற்காக அங்கே நம் இதழ் கிடக்கும். ஒருவர் புதிதாக வாங்கிய பேஜரைப் பற்றி ஓயாமல் அளந்துகொண்டிருந்தார். யாரும் காது கொடுக்கவில்லை. நாற்காலியில் சோப்பு நுரையோடு இருந்தவர் கண்ணைத் திறக்காமலே, "யாராச்சும் ரோவக் கூப்புடுங்கலா. இவன் நிறுத்த மாட்டான்," என்றார். கடையே சிரித்தது. விளக்கம் அங்கே ஒருவருக்கும் தேவைப்படவில்லை.

வந்த காரியத்தைச் சொல்லாமலே அக்கா வெளியே வந்துவிட்டார். காரில் ஏறியதும், ஆவியென்று நினைத்துச் சொல்லியிருப்பார்கள் என்றேன். எனக்கு இப்படிக் குறுக்கே விழுந்தே பழக்கம். "கேக்க ஆளில்லாம பேசினவன நிறுத்தத்தான கூப்புட்டான்? சரியாத்தான் படிச்சிருக்கான்," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. "ரோவுக்கு ஏற எடமில்ல வாத்தியாரே. பின்னாலயே ஆள் வர்றாங்க. திரும்புங்க, அடுத்த பக்கத்துக்கு வேல இருக்கு." ஓட்டிக்கொண்டிருந்தது அவர்தான், நானல்ல.

அவருக்கு இதயக் கோளாறு இருந்தது என்பது அடக்கத்தன்றுதான் எனக்குத் தெரிந்தது. சொல்லியிருக்கலாம். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. கல்லறைத் தோட்டத்து வாசலில் இரண்டு பேர், "இதழ நிறுத்திருவீங்களா சார்?" என்று கேட்டார்கள். அறிவியல் தெரிந்தவர் போய்விட்டார், மிஞ்சியிருப்பது இலக்கணம் பார்ப்பவன் மட்டும். யாரும் நிறுத்தாமலே இதழ் தானாக முடிச்சு விழுந்து கழன்றுவிடும் இடம் இது என்றுதான் அன்று நினைத்தேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது 'நிறுத்துகிறது' என்ற அந்த ஒரு வினைச்சொல். அதைச் செய்ய ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்குத் தெம்பு வேண்டும். இதழை நிறுத்த என்னிடம் அந்தத் தெம்பு இல்லை. நான்காம் பக்கமும் நிரம்பிவிட்டது. இந்த வரி வரைக்கும் நீங்கள் பின்னாலேயே படித்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள் என்றால், ரோவுக்கு ஏற இடமில்லை.