தக்காளி சூப்தான், குடி

கொடைக்கானல் ஏரிக்கரையில் அப்போது இருந்த ஒரு பெரிய ஓட்டலுக்கு நான் ஒரே ஒரு முறை போயிருக்கிறேன். சாப்பிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. கொஞ்சம் சூப் குடித்தேன், அவ்வளவுதான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அறுபதுகளின் தொடக்கம். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. கணவருக்குத் திண்டுக்கல்லில் ஒரு நூல் மில் ஆபீசில் வேலை. மில்லுக்குப் பின்னால் இருந்த குவார்ட்டர்சில் குடியிருந்தோம். என் பிறந்த வீடு ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் கிராமம். அங்கே என் அக்கா பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவளுக்கு அதற்கு முன்னால் இரண்டு குழந்தைகள் வயிற்றிலேயே இறந்து பிறந்திருந்தன. இந்த முறை நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்க வேண்டும் என்று நான் பழனிக்கு நேர்ந்திருந்தேன். குழந்தை பிறக்கும்வரை கவிச்சி தொடுவதில்லை, பிறந்ததும் மலையேறி வந்து கும்பிடுகிறேன் என்று. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கறி இல்லாமல் சோறு இறங்காது. கணவருக்குத் தனியாகக் குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டு நான் ரசம் ஊற்றிச் சாப்பிடுவேன். ஆகவே விரதம் என்னவென்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

சித்திரை வெயிலில் மில் மானேஜர் குடும்பத்தோடு மலைக்குக் கிளம்பினார். எங்களையும் காரில் கூட்டிப்போவதாகச் சொன்னதும் என் கணவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மில்லில் மேல் வேலை ஒன்று காலியாக இருந்தது. நான் சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலை கட்டியிருந்தேன். "இதைக் கட்டிக்கிட்டா அந்த ஓட்டலுக்கு வருவே?" என்று நைலான் சேலைக்கு மாற்றச் சொன்னார். மாற்றினேன். வத்தலக்குண்டு தாண்டி வளைவுகள் தொடங்கியதும் குமட்டியது. எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே போனேன்.

வழியில் மானேஜர் என்னிடம், "ஏம்மா, கறி சாப்பிடுறதில்லையாமே?" என்று கேட்டார். விரதத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார். "இதெல்லாம் மனசுதான். நாக்குக்கு எது காய், எது கறின்னு ஒண்ணும் தெரியாது." என் கணவர் முன் சீட்டிலிருந்து திரும்பி, "ஆமா சார்" என்றார். நானும் சும்மா பேசுகிறார் என்று விட்டுவிட்டேன்.

ஓட்டலின் சாப்பாட்டு அறையில் ஏரியைப் பார்த்தபடி பெரிய கண்ணாடி ஜன்னல்கள். தண்ணீரில் படகுகள் போய்க்கொண்டிருந்தன. மேஜைமேல் கஞ்சி போட்ட வெள்ளைத் துணி, விசிறிபோல மடித்து நிறுத்திய கைக்குட்டைகள், தட்டுக்கு இரண்டு பக்கமும் கத்தியும் முள்கரண்டியும். பக்கத்து மேஜைகளில் வெள்ளைக்காரர்கள், பட்டணத்துக்காரர்கள். யாரும் சத்தமாகப் பேசவில்லை. தலைப்பாகை கட்டிய பேரர் வந்து நிற்க, மானேஜர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். பேரர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனார். எதற்குப் பார்த்தார் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

சிவப்பாகச் சூப் வந்தது. மிளகு வாசம். அதற்கு அடியில் வேறு ஏதோ வாசம். ஆனால் அந்த அறை முழுக்கவே கறி வாசம்தான், எது எங்கிருந்து வருகிறது என்று எப்படிச் சொல்வது?

கணவர் பக்கம் சாய்ந்து, "ஏங்க, இது காய்தானே?" என்று கேட்டேன்.

"தக்காளி சூப்தான், குடி" என்றார்.

கரண்டியை எடுத்தேன். மேஜைக்கு அடியில் யாரோ என் காலைத் தட்டினார்கள். எதிரே இருந்த மானேஜர் சம்சாரத்தின் கால் தெரியாமல் பட்டிருக்கும் என்று என் காலை இழுத்துக்கொண்டேன். குடித்தேன். குளிருக்கு இதமாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாதிக் கிண்ணம் காலியாகும்வரை மூன்று பேரும் பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு மானேஜர் கேட்டார், "ஏம்மா, ஆட்டெலும்பு சூப் எப்படி இருந்துச்சு?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. கணவரைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். வாயைப் பொத்தாமல், மானேஜரின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்.

"நான் சொன்னேன்ல? நாக்குக்குத் தெரியலை பாத்தியா" என்றார் மானேஜர்.

நான் எழுந்துவிட்டேன். நாற்காலி பின்னால் விழுந்தது. "நாக்குக்கு எப்படி சார் தெரியும்? என் புருசன் சொன்னதை நம்பித்தானே குடிச்சேன்! அக்கா ரெண்டு புள்ளையைப் பறிகுடுத்துட்டு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. அவளுக்காக இருந்த விரதம் இது. உங்களுக்கு விளையாட இம்புட்டுப் பெரிய ஏரியில வேற ஒண்ணுமே கெடைக்கலையா?"

அறையே திரும்பிப் பார்த்தது. கணவர், "உக்காரு, உக்காரு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். நான் கை கழுவும் இடத்துக்குப் போய்த் தொண்டைக்குள் விரலை விட்டேன். பின்னாலேயே மானேஜரின் சம்சாரம் வந்தார். "நான் காலைத் தட்டுனேனே, உனக்குத் தெரியலையா?" என்றார்.

"காலு எதுக்கு? உங்களுக்கு வாய் இருந்துச்சுல்ல?" என்று கேட்டேன். அவர்மேல் இரக்கப்பட வேண்டும் என்று பிற்பாடு பலர் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இரக்கம் வரவில்லை.

ஏரிச் சாலையில் நடந்தேன். கணவர் ஓடி வந்து மறித்தார். மன்னிப்புக் கேட்க வருகிறார் என்று அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு எனக்கு. "என் மானத்தை வாங்கிட்டியே! போயி சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வா" என்றார். நான் பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டுப் போய், வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறினேன். அவர் ஏறவில்லை. திரும்பி ஓட்டலுக்குப் போனார். மிச்சச் சாப்பாடு இருந்ததே.

இரண்டு பஸ் மாறி ஊருக்குப் போனபோது பொழுது சாய்ந்திருந்தது. அம்மாவைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னேன். தலைக்கு ஊற்றிவிட்டு அம்மா சொன்னாள், "தெரியாம பட்டது. சாமிக்குத் தெரியும். அக்கா காதுல விழுந்திராம பாத்துக்க." என் தலையைத் துவட்டிக்கொண்டே, "அதுக்காக மாப்பிள்ளையை அங்கனயே விட்டுட்டா வருவே? ஏதோ விளையாட்டுக்குச் செஞ்சிருப்பாரு" என்றாள். எட்டாம் நாளே அவளே என்னைத் திண்டுக்கல்லுக்குக் கொண்டுவந்து விட்டாள். மாப்பிள்ளைக்குக் கருப்பட்டியும் முறுக்கும் வேறு.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை எப்படிச் சொல்வது? ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் அக்காவைப் பற்றித்தான் கேட்பேன். அக்காவுக்கு லேசாகக் கால் வீங்கியது என்றார்கள். அந்தச் சூப் என் தொண்டையில் ஏறி வந்து நின்றது. யாரிடமும் சொல்லவும் முடியாது. பக்கத்தில் கணவர் நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

ஆவணியில் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். நான் முன்னாடியே போய் உடனிருந்தேன். கணவர் லட்டுப் பொட்டலத்தோடு வந்தார். குழந்தையைப் பார்த்துவிட்டு வாசலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "பாத்தியா, ஒண்ணும் ஆகலையே. இதுக்குப் போயி அம்புட்டுக் கூத்து அடிச்சியே."

ஓட்டலில் வந்த கோபமெல்லாம் கோபமே இல்லை. அந்த நிமிஷம் வந்ததுதான் கோபம்.

"குழந்தை பொழச்சது சாமி குடுத்தது. நீங்க என்கிட்ட பொய் சொன்னது அப்படியேதான் இருக்கு" என்றேன். "பழனிக்கு வந்து என்கூட நின்னு, தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்."

"மில்லுல கேட்டா சிரிப்பாங்க" என்றார்.

அவர் வரவில்லை. அம்மாவோடு போனேன். முடி கொடுக்கிற இடத்தில் அம்மா, "பூமுடி குடுத்தாப் போதும்டி. சுமங்கலி" என்று நாலு விரல்கடை அளந்து காட்டினாள். நான் நாவிதர் முன்னால் உட்கார்ந்து, "முழுசா எடுத்துருங்க" என்றேன். அம்மா அழுதாள். எனக்கு இடுப்பைத் தாண்டின முடி. கணவர் அதைப் பார்த்துத்தான் என்னைக் கட்டியதாகச் சொல்லுவார்.

சந்தனம் பூசிய தலையோடு குவார்ட்டர்சுக்குத் திரும்பினேன். குழாயடியில் பெண்கள் கேட்டார்கள். முக்காடு போடாமல் நின்று பதில் சொன்னேன்: "மானேஜரும் எங்க வீட்டுக்காரரும் சேந்து, விரதம் இருந்தவளுக்குத் தக்காளி சூப்புன்னு சொல்லி ஆட்டெலும்பு சூப்பைக் குடுத்தாக. அதான் மொட்டை." கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். கடைக்காரர் கேட்டார், அவருக்கும் சொன்னேன்.

அந்த வாரமே கணவர் முகம் சிவக்க வந்து நின்றார். "மில்லு பூராவும் தெரிஞ்சுபோச்சு. தலைகாட்ட முடியலை."

"ஓட்டல் பூராவும் தெரிஞ்சப்போ சிரிச்சீங்கல்ல? இப்பவும் சிரிங்க" என்றேன்.

அந்த மேல் வேலை அவருக்குக் கிடைத்தது. அதையும் சொல்லாமல் விடக் கூடாது. மானேஜர் கொஞ்ச காலத்தில் வேறு ஊர் மில்லுக்குப் போய்விட்டார். என் முடி வளர்ந்தது. குடும்பம் நடந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள். மன்னிப்பு என்ற சொல் மட்டும் அவர் வாயிலிருந்து வரவே இல்லை.

சில வருஷம் கழித்து வடமதுரையில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர், எதிர்ப்பந்திக்காரர் ஒருவரிடம், "நம்ம வீட்ல கோபம் கொஞ்சம் ஜாஸ்தி" என்று என்னைக் காட்டிச் சிரித்தார். அந்த மனிதர் விளையாட்டாக, "அப்படி என்னம்மா கோபம்?" என்று என்னைக் கேட்டார்.

சொன்னேன். காரில் பேசிய பேச்சிலிருந்து பழனி மொட்டை வரைக்கும், பரிமாறுகிறவர்களும் நின்று கேட்கிற மாதிரி சொன்னேன். கணவர் பாதிச் சாப்பாட்டிலேயே இலையை மடித்துவிட்டுக் கை கழுவப் போனார். நான் பாயசம் வந்து, மோர் வந்து, அதற்குப் பிறகுதான் எழுந்தேன்.