சாக்கடையோரத்தில் ஒரு மருந்து வேட்டை

ஊரார் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற இடத்தில் பாட்டிலோடு குனிந்து நிற்பதுதான் எங்கள் உத்தியோகம். தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் டெக்னீஷியனாகக் குப்பை கொட்டுகிறேன். இதே வேலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதல்ல.

அடைப்பு

எந்த ஆன்டிபயாடிக்குக்கும் அடங்காத பாக்டீரியாவையும் தின்று தீர்க்கும் வைரஸ்கள் உண்டு. பாக்டீரியா எங்கே மண்டுகிறதோ அங்கேதான் அவையும் இருக்கும். ஆகவே சாக்கடை. ஒருநாள் மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் பாட்டிலைக் கயிற்றில் கட்டி இறக்கிக்கொண்டிருந்தேன். மீன் விற்கும் அக்கா ஒருவர் வந்து விசாரித்தார். எல்லாவற்றையும் விளக்கினேன். கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரிங்க தம்பி, இந்த அடைப்ப எப்ப எடுப்பீங்க?"

விருந்தாளி

அந்தத் தண்ணீர் ஜமால் பாய்க்காக. அதிராம்பட்டினத்துக்காரர், துபாயில் பல வருஷம் இருந்துவிட்டு ஊரில் துணிக்கடை வைத்தவர். சர்க்கரைப் புண் பாதத்தை அரித்துவிட்டது. எந்த மருந்துக்கும் கேட்கவில்லை; முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியதுதான் என்று சர்ஜன் சொல்லிவிட்டார்.

கடைசி முயற்சியாக வைரஸ் வைத்தியத்துக்கு எங்கள் டாக்டரம்மா அனுமதி வாங்கினார். அதை எங்கிருந்து எடுப்போம் என்பது உட்பட அனைத்தையும் சொன்னார். பாய் சரி என்றார். அவர் மனைவி ஜுலைகா மட்டும், கிருமியைத் தின்று முடித்தபின் அது இவரைத் தின்னாதா என்று கேட்டார். அந்தக் கிருமியைத் தவிர வேறெதையும் தொடாது, அது தீர்ந்தால் தானும் அழிந்துபோகும் என்றார் டாக்டரம்மா. அழுது வீங்கியிருந்த ஜுலைகாவின் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு.

"சாப்பாடு தீர்ந்ததும் கெளம்பிடுமா? அப்ப எங்க சொந்தக்காரங்களவிடத் தேவல."

தட்டில் ஓட்டை

பாயின் புண்ணிலிருந்து எடுத்த பாக்டீரியாவை ஆய்வகத் தட்டுகளில் படலமாக வளர்த்து, வடிகட்டிய சாக்கடைத் தண்ணீரைச் சொட்டுவிடுவேன். வைரஸ் பொருந்தினால் அந்த இடத்தில் பாக்டீரியா செத்து, தட்டு தெளிந்துவிடும். பேருந்து நிலையத் தண்ணீர் தோற்றது. ஆஸ்பத்திரித் தண்ணீரும் தோற்றது. சர்ஜன் ஆபரேஷனுக்கு நாள் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அடுத்த தட்டை எடுக்கவே எனக்குப் பயம். மீன் மார்க்கெட் தண்ணீர் விட்ட தட்டு அது. பாக்டீரியாப் படலத்தில் சல்லடை மாதிரி ஓட்டைகள். ஓடிப்போய் டாக்டரம்மாவிடம் நீட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தட்டுல ஜெயிச்சாச்சு. கால்ல ஜெயிச்சப்புறம் இனிப்பு வாங்குங்க."

வெளிநாட்டு மருந்து

வைரஸைப் பிரித்துச் சுத்தப்படுத்தி, ஆன்டிபயாடிக்கோடு சேர்த்துக் கொடுத்தார்கள். சீழ் வற்றியது, மெல்லச் சிவந்த சதை ஏறியது. ஒரு விரல் போயிற்று, கால் நின்றது. சில மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வந்த பாய், வாக்கரை ஓரமாக வைத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தார். என்ன மருந்து என்று ஊரில் எல்லாரும் கேட்கிறார்களாம்.

"வெளிநாட்டு மருந்துன்னு சொல்லிட்டேன் தம்பி. மீன் மார்க்கெட் சாக்கடைன்னா எவன் நம்புவான்?"

பெயர் வெளிநாட்டுக்குப் போனால் போகட்டும், கால் உள்ளூரில் நடக்கிறதே, எங்கள் தொழிலுக்கு அது போதும்.