அத்தை வகுத்த மீட்டர் நம்பர்

அத்தை தையல்காரி. வீட்டின் முன் அறைதான் அவள் கடை. அறையை அடைத்துக்கொண்டு துணி வெட்டும் நீள மேசை கிடக்கும். கை வேலை செய்துகொண்டிருக்க, மனசு ஏதாவது ஓர் எண்ணை வகுத்துக்கொண்டிருக்கும். "உங்க வண்டி நம்பர் பதிமூணால போகுதுங்க" என்பாள். துணி கொடுக்க வந்தவர் பதறிப்போய் டயரைப் பார்ப்பார்.

வீடு அத்தைக்கும் அவள் தம்பியான என் அப்பாவுக்கும் பொது. நடுவில் சுவர் எழுப்பிப் பங்கு பிரித்துக்கொள்ளலாம் என்றார் அப்பா. சுவர் வந்தால் முன் அறை பாதியாகும், மேசை நிற்காது. அத்தை கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். மேசைக்கு மேலே இருந்த கரன்ட் மீட்டரைக் காட்டினாள். அதன் நம்பர் 1005973.

"இதை மீதி வராம எதாலயாவது வகுத்துட்டா வீட்டையும் பிரிச்சுக்கலாம். வகுபடலன்னா இந்தப் பேச்சை விட்டுடணும்."

"ஒண்ணால வகுத்தா?" என்றார் அப்பா.

"அது செல்லாது. குறும்பு பண்ணாதே."

இவ்வளவு பெரிய நம்பர் எதற்காவது மடங்காமலா போகும் என்று அப்பா கால்குலேட்டரை எடுத்தார். பத்துப் பதினைந்து தட்டு தட்டிவிட்டுச் சலித்துப்போனார். "நீயே பாருக்கா. நீ பொய் சொல்ல மாட்டே."

அத்தை சாக்பீஸால் மேசையிலேயே வகுத்தாள். எல்லா எண்ணையும் அவள் சீண்டவில்லை. "ரெண்டால போகாதது நாலால எப்படிடி போகும்?" என்றாள் என்னிடம். "ஆயிரத்து ரெண்டு வரைக்கும் பார்த்தாப் போதும். அதுக்கு மேல ஒண்ணு வகுத்தா, அதோட ஜோடி கீழேதான் இருக்கும். இதுக்குள்ளயே மாட்டியிருக்கும்."

ஒவ்வொரு மீதிக்கும் அவளுக்கு மூச்சு வந்தது. கூடவே கொஞ்சம் ஏமாற்றமும், அதை நான் பார்த்தேன். 991-ஆல் வகுத்தாள், 108 மிச்சம். இனி பாக்கி 997 ஒன்றுதான். வீடு தப்பித்த மாதிரிதான் என்று நான் பாத்திரம் கழுவப் போனேன்.

"டேய் தம்பி! ஓடி வாடா! போயிடுச்சு!"

அப்பா டார்ச் லைட்டோடு ஓடினார். "கரன்ட்டா?"

"தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தேழால போயிடுச்சுடா! ஆயிரத்து ஒன்பது வருது, மீதி சுத்தமா இல்ல! கடைசி ஆளா வந்து மாட்டுது பாரு!"

மூக்கெல்லாம் சாக்பீஸ் தூள், வாயெல்லாம் பல். அப்புறம்தான் கையூன்றியிருந்த மேசையைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

அப்பாவும் தலையைச் சொறிந்தார். "ரெண்டு நம்பர்ல பெருசு, அந்த ஆயிரத்து ஒன்பது, உன் பங்குக்கா" என்றார். சொன்ன கணக்குப்படியே சுவரை நடுவிலிருந்து தன் பக்கம் தள்ளி எழுப்பினார். ஒரு விரல் அகலம்தான் கூடியது. மேசையை அறுத்த அன்று அத்தை வாய்விட்டு அழுதாள். எனக்கும் தாங்கவில்லை.

"அந்த ஒரு கணக்கை அழிச்சிருந்தா யாருக்கு அத்தை தெரியும்?"

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, என்ன அசட்டுப் பெண் இவள் என்பது போல என்னைப் பார்த்தாள்.

"அழிச்சிருந்தா, அது போனதை நான் யார்கிட்டடி சொல்றது?"