குழை முறித்த குற்றம்

காக்கி உடுப்புப் போட்ட எவரையும் நான் நம்புவதில்லை. அதை ஒளித்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஒட்டுசுட்டானில் எங்கள் வயலின் வடக்குப் பக்கம், நாங்கள் இடம்பெயர்ந்து அலைந்து திரும்பி வருவதற்கிடையில் பற்றை மண்டிப்போயிற்று. உடுப்புப் போட்ட நாலு பேர் ஒரு நாள் வந்து பார்த்தார்கள். காடு என்று எழுதினார்கள். மூலைக்கு மூலை கல்லு நட்டார்கள். காணிப் பெர்மிட்டைக் காட்டினோம், பழைய வரம்பைக் காட்டினோம். "எழுதியாச்சு அம்மா, இனி ஒண்டும் செய்யேலாது" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்கள்.

இந்த வயிற்றெரிச்சல் ஆறுவதற்குள்தான், மலைநாட்டு ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கும் என் ஒரே மகள் போன் எடுத்தாள்.

"அம்மா, எனக்கு ஒராளைப் பிடிச்சிருக்கு. இங்கத்தைப் பெடியன்."

"என்ன உத்தியோகம்?"

"இங்க மலையில தேசியப் பூங்கா இருக்கெல்லே, அதில காவல்."

"உடுப்பு?"

"ஓம் அம்மா. காக்கிதான்."

நான் கத்திய கத்தலுக்கு, பின்வளவில் நின்ற என் மனுசன் யானை வந்துவிட்டதாக்கும் என்று வெடியோடு ஓடி வந்தார். மகள் அசையவில்லை. "ஒருக்கா வந்து ஆளைப் பாருங்கோ. பார்த்திட்டு வேண்டாம் எண்டால் விட்டிடுறன். ஆனா பிறகு ஒருத்தற்ர சாதகத்தையும் தூக்கிக்கொண்டு என்னட்டை வரக்கூடாது" என்றாள். அவளுக்கு முப்பத்திரண்டு வயது. என் பிள்ளை, என்னைப் போலத்தான். சொன்னால் செய்வாள். மனுசன் பயிருக்குக் காவலை விட்டுவிட்டு வர முடியாது. "நீ போய்ப் பார். நீ சொல்லுறதுதான் முடிவு" என்று எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டார். வேண்டாம் என்று சொல்வதற்காகவே நான் பஸ் ஏறினேன்.

அந்தப் பூங்காவுக்கு இரண்டு வாசல். ஒன்றில் வான்களும் வெள்ளைக்காரரும் திருவிழாவுக்கு வந்ததுபோல நிற்பார்களாம். அவன் என்னையும் மகளையும் வரச் சொன்னது மற்றப் பக்கத்தால். அந்தப் பக்கம் ஒரு ஈ காக்கை இல்லை. ஒரு தகரக் கொட்டில், குறுக்கே தடி போட்ட ஒரு வாசல், சுற்றிவரப் பனிப்புகார். நல்ல விசயமென்றால் நாலு பேர் பார்க்கிற இடத்தால் கூட்டிக்கொண்டு போகலாம்தானே. ஏன் இந்த மூலை? ஊர் பார்க்கக்கூடாத ஏதோ ஒன்று இருக்கிறது என்று அப்போதே மனதில் எழுதிக்கொண்டேன்.

"அவருக்கு டியூட்டி இந்தப் பக்கம், அம்மா."

"கேட்டு வாங்கின டியூட்டியோ என்னவோ."

வன்னி வெயிலில் காய்ந்த உடம்பு எனக்கு. மகளின் சுவெட்டருக்கு மேல் சுவெட்டர் போட்டும் பல்லு கிடுகிடுத்தது. ஆள் கொட்டிலுக்குள்ளிருந்து வந்தான். மெலிந்த உடம்பு, குனிந்த தலை. "வாங்கம்மா" என்றான். அடுத்த வார்த்தை, "பைய கொஞ்சம் காட்டுங்க."

எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. நான் திறந்து காட்டாத பையா? எத்தனை ஆமிச் சென்றிப் பொயின்ரில், எத்தனை வெயிலில்! இப்போது பெண் கேட்கிறவனும் பையைக் கிளறுகிறான். நான் விடியப்புறம் எழும்பி அவித்த புட்டையும் கத்தரிக்காய்ப் பொரியலையும் லஞ்ச் சீற்றிலிருந்து எடுத்து, கடதாசியில் மாற்றிச் சுற்றித் தந்தான். "பொலித்தீன் உள்ள கொண்டு போகக் கூடாதுங்க." சும்மா சொல்லக்கூடாது, ஒரு பருக்கை சிந்தவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவு பழகின கை.

நடக்கத் தொடங்குமுன் அவனுக்குப் போன் வந்தது. அங்கால் திரும்பி நின்று, சிங்களத்தில், மெல்லிய குரலில் கதைத்தான்.

"ஆரோட கதைக்கிறார்?"

"வேலை விசயம் அம்மா."

"அதுக்கு ஏன் அங்கால திரும்ப வேணும்?"

"நீங்கள் நிக்கிறியள் எண்ட மரியாதை."

"மரியாதையோ மறைப்போ, ஆர் கண்டது."

அவன் திரும்பி வந்ததும் நேரடியாகவே கேட்டேன். வீட்டில் யார் யார் என்றேன். அம்மாவும் ஒரு அண்ணனும் என்றான். அம்மா தோட்டத்தில் கொழுந்து எடுத்தவராம். "முந்தி எங்கையும் கலியாணம் கட்டினனீரோ?" என்றேன். "அம்மா!" என்று மகள் என் கையைக் கிள்ளினாள். "இல்லீங்கம்மா" என்றான் அவன், முகம் கோணாமல். இந்தக் கேள்விக்குக் கோபம் வராத ஆம்பிளை உண்டா? பொய் சொல்லிப் பழகினவனுக்குத்தான் கோபம் வராது என்று நினைத்தேன்.

கொட்டிலைத் தாண்டினால் புல்வெளி. அதற்கப்பால் காடு தொடங்கியது. அங்கேதான் நான் அந்த வேலையைச் செய்தேன். எங்கள் பக்கத்தில் காட்டுப் பாதையில் கால் வைக்குமுன் ஒரு குழை, இலையோடு ஒரு சின்னக் கொப்பு, முறித்து மரத்தடியிலோ கல்லடியிலோ போட்டு, பிள்ளையாரே துணை என்று கும்பிட்டுவிட்டுத்தான் போவோம். யானையும் கரடியும் உள்ள காடு, விளையாட்டில்லை. விறகுக்குப் போனாலும் அப்படித்தான், தேனுக்குப் போனாலும் அப்படித்தான். யோசித்துச் செய்கிற காரியமில்லை அது, கை தன்பாட்டில் செய்யும். பாதையோரம் சிவப்புப் பூப் பூத்த கட்டை மரம் ஒன்று நின்றது. சடக்கென்று ஒரு கொப்பை முறித்துக் கல்லடியில் வைத்துக் கண்ணை மூடினேன்.

கண்ணைத் திறந்தால் மகளின் முகத்தில் ரத்தம் இல்லை. "ஐயோ அம்மா, இங்க ஒரு இலையும் பிடுங்கக்கூடாது!"

முன்னால் போன அவன் திரும்பிப் பார்த்தான். கொப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மறுபடி முன்னால் நடந்தான்.

அதற்குப் பிறகு நான் என்னத்தைப் பார்த்தேன்? புகார் விலகி, பள்ளத்தாக்கு அடிவரை தெரிந்ததாம். மகள் கையைக் காட்டிக் காட்டிச் சொன்னாள். என் மனம் முழுக்க அந்தக் கொப்பில்தான். இனி என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். வாசலுக்குப் போனதும், "பயப்படாதீங்க, நான் பார்த்துக்கிறேன்" என்பான். உடுப்புக்காரர் எல்லாருக்கும் அதுதானே தொழில், ஒரு பிழையைப் பிடித்து வைத்துக்கொண்டு உபகாரம் செய்கிறது. பிறகு நான் எந்த வாயால் வேண்டாம் என்று சொல்வேன்? கெட்டிக்காரன், வாய் திறக்காமலே என் வாயைக் கட்டிவிட்டான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கொட்டிலுக்குத் திரும்பினோம். அவன் மேசையிலிருந்து ஒரு பெரிய பதிவுக் கொப்பியை எடுத்தான்.

"அம்மா, கெள முறிச்சத நான் எழுதணுங்க. எச்சரிக்கைதான். ஆனா உங்க பேரு, ஊரு எல்லாம் பதியணும்."

"உங்களுக்கென்ன விசரா?" என்று மகள் சீறினாள். "அம்மா இண்டைக்கு என்னத்துக்கு வந்தவா எண்டு தெரியுந்தானே!"

அவன் கொப்பியை மூடவில்லை. மகளை நேரே பார்த்தான். "தெரியும். இன்னிக்கு இவங்களுக்காக நடந்தத எழுதாம விட்டா, நாளைக்கு வேற யாருக்காகவோ நடக்காதத எழுதச் சொல்லுவாங்க. அப்ப நான் எப்பிடி முடியாதுன்னு சொல்றது?"

நான் கதிரையில் இருந்துவிட்டேன். இவ்வளவு நேரமும் என் சந்தேகத்துக்குள் இல்லாத ஒன்றே ஒன்று இதுதான். எங்கள் வயலைக் காடு என்று எழுதின அன்று, அந்த நாலு பேரில் ஒருத்தன், ஒரேயொருத்தன், இப்படி நேரே நின்று சொல்லியிருந்தால்?

சத்தம் கேட்டு உள்ளிருந்து அவனுடைய மேலதிகாரி, வயதான சிங்கள மனுசன், தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தார். இருவரும் சிங்களத்தில் கதைத்தார்கள். பிறகு அவன் என் பக்கம் திரும்பினான்.

"அம்மா, நீங்க எனக்குச் சொந்தமான்னு கேக்குறாரு. சொந்தக்காரங்கன்னா நான் எழுதக் கூடாது, அவருதான் எழுதணும். சொந்தமில்லேன்னா நானே எழுதிருவேன். என்னன்னு சொல்லட்டுங்க?"

மகள் கதவோரம் நின்றாள். நிலத்தைப் பார்த்தபடி சுவெட்டர் நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பேனையைப் பெரியவரிட்டைக் குடும், தம்பி" என்றேன். "குழை முறிச்சது உம்மட மாமி."