இரண்டாவது பிரேக்

பேசிக்கொண்டிருக்கும்போதே மாஸ்டரின் வலது கால் முன்னால் நீண்டு தரையை அழுத்துகிறது. முடிவெட்டும் கடை நாற்காலியில் இருந்தாலும் சரி, வங்கியில் தன் முறைக்குக் காத்திருந்தாலும் சரி, எதிரே ஏதாவது வேகமாக வந்துவிட்டால் அந்தக் கால் சும்மா இருக்காது. பேருந்தில் ஏறினால் ஓட்டுநரோடு சேர்ந்து இவரும் பிரேக் போடுவார். தொலைக்காட்சியில் ஒரு கார் பள்ளத்தைப் பார்த்துப் போனால் வீட்டு சோபா பின்னால் நகர்ந்துவிடும். "தரை தேஞ்சு போச்சுன்னா வீட்டுக்காரருக்கு யாரு பதில் சொல்றது?" என்பது அவர் மனைவியின் கவலை. அந்த அம்மாவுக்கு மருத்துவமனையில் சீட்டு கொடுக்கும் வேலை. எப்பேர்ப்பட்ட கூட்டத்தையும் வரிசையில் நிறுத்திவிடுவார். இந்த ஒரு காலை மட்டும் அவரால் நிறுத்த முடியவில்லை.

மாஸ்டர் நடத்துவது டிரைவிங் ஸ்கூல். ஒரு கார், ஒரு மேஜை, ஒரு மாஸ்டர், அவ்வளவுதான் ஸ்கூல். காரில் ஓட்டக் கற்பவருக்கு ஒரு பிரேக் உண்டு. பக்கத்து இருக்கையின் கீழே மாஸ்டருக்கென்று இன்னொன்று உண்டு. நாம் கோட்டை விடும் இடத்தில் அவர் மிதிப்பார். மிதித்து மிதித்து அதன் ரப்பர் நடுவில் வழுக்கையாகி, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வரி மிச்சமிருக்கிறது.

நான் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் பிழை திருத்துகிறவள். தலை நரைத்த பிறகு கார் ஓட்டும் ஆசை வந்து, லைசென்ஸ் தேர்வில் இரண்டு தடவை மண்ணைக் கவ்விவிட்டு, இன்னமும் வெட்கமில்லாமல் அவரிடம் போய்க்கொண்டிருக்கிறேன். சாதாரணமாக என்னை "மேடம்" என்பார். கிளட்சைச் சட்டென்று விட்டு வண்டியைத் துள்ள வைத்தேன் என்றால் "அம்மா தாயே" ஆகிவிடுவேன். ஒரு வகுப்பில் எத்தனை முறை தாயானேன் என்று பார்த்தால் என் முன்னேற்றம் தெரிந்துவிடும்.

வண்டியில் ஏறியதும் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியை ஒரு துடை துடைப்பார். பிறகு இருக்கையின் நுனியில் உட்கார்ந்து, வலது காலைப் பிரேக்கின் மேல் பட்டும் படாமலும் வைத்துக்கொள்வார். எவ்வளவு நேரமானாலும் அந்தக் கால் அங்கேதான். ஒருநாள், கால் மரத்துப் போகாதா, கொஞ்சம் நீட்டி மடக்கித்தான் உட்காருங்களேன் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பக்கத்துல உக்காந்திருக்கிறவன் காலத் தூக்கி மேல வச்சிக்கிட்டான்னா, அவன் மாஸ்டர் இல்ல மேடம். பாசஞ்சர்." பாசஞ்சர் என்ற சொல்லை அவர் சொன்ன விதத்தில் அது ஏதோ வசவு போல இருந்தது.

அவருக்கு ஒரே மகள். கட்டடப் பொறியியல் படித்துவிட்டு ஒரு வடிவமைப்பு அலுவலகத்தில் பாலங்களுக்குக் கணக்குப் போடுகிறாள். அதிகம் பேசாத பெண். பேசினால் சுற்றி வளைக்க மாட்டாள். லைசென்ஸ் வாங்கி வருஷங்களாகிறது. அப்பா சொல்லிக்கொடுத்த கை என்பதால் வண்டி வெண்ணெயாகப் போகும். ஆனால் இரண்டாவது பிரேக் இல்லாத ஒரு வண்டியை அவள் இன்றுவரை தொட்டதில்லை. அப்பா விட்டதில்லை.

அந்தப் பெண்ணுக்கு அமெரிக்காவில் மேற்படிப்புக்கு இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்ததிலிருந்து என் ஓட்டுநர் பயிற்சி திசை மாறிவிட்டது. உண்மையாகவே திசைதான் மாறியது. மைதானத்தைச் சுற்றி எட்டுப் போட்டுக்கொண்டிருந்த என்னை, ஊருக்குள் எந்த வீட்டுப் பிள்ளை அமெரிக்காவில் படிக்கிறதோ அந்த வீட்டுத் தெருவுக்கெல்லாம் ஓட்டச் சொன்னார். "அந்த பச்சை கேட்டுகிட்ட ஒரு ரிவர்ஸ் எடுங்க மேடம்" என்பார். நான் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது இவர் இறங்கிப்போய் பச்சை கேட்டைத் தட்டிக்கொண்டிருப்பார். இரண்டு வண்டிகளுக்கு நடுவில் சொருகி நிறுத்த நான் கற்றதே பல் டாக்டர் வீட்டு வாசலில்தான். அவர் பையன் அங்கே படிக்கிறான். ஒரே வாரத்தில் பலமுறை போனதால் டாக்டர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட ஆரம்பித்தார்.

பல் டாக்டர், ரேங்க் பார்த்துச் சேருங்கள் என்றார். மருந்துக் கடைக்காரர், அவருக்கு அங்கே ஒரு தம்பி மகன், ரேங்க்கெல்லாம் சும்மா, வேலை கிடைக்கிற ஊரைப் பாருங்கள் என்றார். ஜெராக்ஸ் கடை அம்மாவின் மருமகனோ, ஊரும் வேண்டாம் ரேங்க்கும் வேண்டாம், எந்தப் பேராசிரியரிடம் சேர்கிறோம் என்பதுதான் விஷயம் என்று தொலைபேசியில் வகுப்பெடுத்தான். மாஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்து காரில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் குழம்புவார். "வண்டின்னா ஓட்டிப் பாத்து வாங்கலாம் மேடம். காலேஜ எப்படி ஓட்டிப் பாக்குறது?" ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. "மாஸ்டர், இது என் கிளாஸா, உங்க பொண்ணோட அட்மிஷனா?" என்று கேட்டேன். கொஞ்சமும் அசரவில்லை. "ரெண்டும்தான் மேடம். இண்டிகேட்டர் போடுங்க."

இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் அவர் வைத்த பெயர்கள்தான் எனக்குத் தெரியும். ஒன்று 'அத்தை வீடு'. அவருடைய தங்கை குடும்பத்தோடு இருக்கும் ஊரில் இருப்பது. தங்கை வாரா வாரம் வீடியோவில் வந்து, "எங்கண்ணன் பொண்ணு என் வீட்ல இல்லாம வேற எங்க இருப்பா?" என்று கேட்டு, மாடியில் அறை ஒழித்து வைத்திருப்பதையும் காட்டிவிட்டாள். மற்றொன்று 'காத்துக்கூடம்'. அங்கே ஒரு பெரிய கூடத்துக்குள் பாலத்தின் சின்ன உருவத்தை நிறுத்தி, புயல் மாதிரி காற்றை அதன்மேல் விட்டு, எங்கே ஆடுகிறது, எங்கே உடைகிறது என்று பார்க்கிறார்களாம். மகளுக்கு அதுதான் வேண்டும். அந்த ஊரில் சொந்தம் என்று சொல்ல ஒரு காக்கை குருவி கிடையாது. வருஷத்தில் பாதி நாள் பனி.

பனிதான் மாஸ்டருக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. பனிச் சாலையில் எப்படி ஓட்டுவது என்று வீடியோ பார்த்திருக்கிறார். மறுநாள் சிக்னலில் நிற்கும்போது அதைச் சொன்னார். "வண்டி வழுக்க ஆரம்பிச்சா பிரேக்க மிதிக்கக் கூடாதாம் மேடம். கால எடுத்துறணுமாம். எடுத்தாத்தான் டயர் ரோட்டப் பிடிக்குமாம். இது என்ன ஊரு? என் தொழிலுக்கே விரோதமா இருக்கே." அன்று முழுவதும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மகள் அடம் பிடித்திருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். இரண்டு சத்தம் போட்டு, இரண்டு நாள் பேசாமலிருந்து, விட்டுக்கொடுத்திருப்பார். அவள் அதைச் செய்யவில்லை. "அத்தை ஊர்ல என் சப்ஜெக்ட் இல்லப்பா. வெறும் கான்கிரீட்தான். ஆனா நீங்க மனசார எங்க அனுப்புறீங்களோ அங்க போறேன். அரை மனசா அனுப்பினா ரெண்டு ஊருக்கும் போகல" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டாள். மாதக் கடைசிக்குள் ஏதாவது ஒன்றுக்குச் சரி என்று பதில் போடாவிட்டால் இரண்டும் கைவிட்டுப் போகும். மாஸ்டர் நகத்தைக் கடிக்க ஆரம்பித்தார். என் கியர் தப்பாக விழுவதைக்கூடக் கவனிக்கவில்லை. ஒரு வகுப்பில் நான் ஒரு தடவைகூடத் தாயாகவில்லை என்றால் பாருங்கள்.

பிறகு ஒரு காலையில் முகமெல்லாம் தெளிந்து வந்தார். மகளை அலுவலகத்தில் விட வேண்டியிருந்ததால் அவள் பின்னால் இருந்தாள். நான் ஓட்டினேன். மாஸ்டர் கைபேசியில் வரைபடத்தைத் திறந்து, விரலால் தெருத்தெருவாகத் தள்ளிக்கொண்டே பேசினார். தங்கை வீட்டு வாசலிலிருந்து பல்கலைக்கழக வாசல்வரை ராத்திரியெல்லாம் விரலாலேயே ஓட்டிப் பார்த்திருக்கிறார். "அருமையான ரூட்டு மேடம். வீட்ட விட்டு வந்தா ஒரு லெஃப்ட். பெட்ரோல் பங்க் தாண்டி ஒரு லெஃப்ட். சர்ச்சுகிட்ட இன்னொரு லெஃப்ட். அவ்ளோதான், காலேஜ். ஒரு ரைட் கூடக் கிடையாது. எதிர்ல வர்ற வண்டிய வெட்டிக்கிட்டுத் திரும்புற சோலியே இல்ல. பாப்பா கண்ண மூடிக்கிட்டுப் போயிட்டு வரலாம். இத விட என்ன வேணும்?"

பின்னால் இருந்து மகள் மெதுவாக, "அப்பா, அங்க ரோட்டுக்கு வலது பக்கமாத்தான் ஓட்டுவாங்க" என்றாள்.

"அது தெரியாதா எனக்கு? பச்சக் கொழந்தைக்குக்கூடத் தெரியும்" என்றார். சொன்ன வாயை மூடவில்லை. வலது ஆள்காட்டி விரல் முழங்காலின்மேல் ஒரு சாலையைப் போட்டு, அதன் வலது ஓரமாக நகர்ந்து, இடது பக்கம் திரும்பியது. எதிரே வரும் வண்டிகளை வெட்டிக்கொண்டு திரும்பியது. மறுபடி ஒரு தடவை போட்டுப் பார்த்தார். மறுபடியும் வெட்டியது. அவர் சுலபம் என்று எண்ணிய மூன்று திருப்பங்களும் அந்த நாட்டில் கஷ்டமான திருப்பங்கள்.

கார் சடாரென்று நின்றது. நான் எதையும் தொடவில்லை. முன்னால் சாலை வெறிச்சென்று கிடந்தது. பின்னால் வந்த வேன்காரன் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு எங்களைத் திட்டித் தீர்த்தான். மாஸ்டரின் கால் இரண்டாவது பிரேக்கை அடிவரை மிதித்திருந்தது. மகள் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து முன்னால் நீட்டினாள்.

அவளை இறக்கிவிட்ட பிறகு மைதானத்துக்குப் போனோம். "காலமெல்லாம் நான் சொல்லித்தர்றதே இந்த ஒண்ணுதான் மேடம், எந்தப் பக்கம் போகணும்னு. அதுலயே கோட்ட விட்டுட்டேன். காத்துக்கூடத்தப் பத்தி எனக்கு என்ன தெரியும்னு வேணாங்கறேன்?" என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. என்னை இத்தனை மாதம் அம்மா தாயே என்று வறுத்தெடுத்த மனிதர்மேல் எனக்கு அன்று பிரியம் பொங்கியது. ஆறுதலாக இருக்கட்டும் என்று எட்டுப் போட்டுக் காட்டினேன். நன்றாகவே போட்டேன். அவர் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு பச்சை கேட்டுக்கும் போகவில்லை, பல் டாக்டர் வீட்டுக்கும் போகவில்லை. தங்கை கூப்பிட்டபோது தொலைபேசியை மனைவியிடம் கொடுத்துவிட்டாராம். "உங்க தங்கச்சிய நான் சமாளிச்சுக்கிறேன். நீங்க உங்க கால சமாளிங்க" என்று அந்த அம்மா சொன்னதாக அவரே சொன்னார். ஆனால் மகளிடம் இன்னது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாள் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கே இருப்புக்கொள்ளவில்லை. அலுவலகத்தில் பிழை திருத்தும்போது என் வலது கால் மேஜைக்கடியில் எதையோ மிதித்துக்கொண்டிருந்ததைப் பக்கத்து மேஜைக்காரர் சொல்லித்தான் கவனித்தேன்.

கடைசி நாள் சாயங்காலம் என் வகுப்பின் நடுவில் மகளின் அலுவலக வாசலில் நிறுத்தச் சொன்னார். "நீங்க பின்னால உக்காருங்க மேடம். பாப்பா ஓட்டட்டும்." அவள் ஏறி, கைக்குட்டையால் கண்ணாடியை ஒரு துடை துடைத்துவிட்டு வண்டியை எடுத்தாள். மேம்பாலத்துக்குக் கீழே சிக்னல் சிவப்பில் நின்றோம்.

"இன்னைக்குப் பதில் போடணும்பா" என்றாள்.

"ம்."

கொஞ்சம் கழித்து அவராகவே கேட்டார். "அந்தக் காத்து ஊர்ல பனி எப்ப ஆரம்பிக்கும்?"

"நவம்பர்ல."

"அதுக்குன்னு தனியா ஷூ இருக்காம். வீடியோல காட்டினான். போன உடனே வாங்கிக்கணும்."

அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். "மனசாரத்தான் சொல்றீங்களாப்பா?"

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்கள் கிளம்பின. அவள் வண்டியை நகர்த்தினாள். நாலு அடி போயிருக்க மாட்டோம், பக்கத்துச் சந்திலிருந்து தண்ணீர் கேன் ஏற்றிய மூன்று சக்கர வண்டி ஒன்று குறுக்கே பாய்ந்தது. பின் இருக்கையில் என் வலது கால் தரையை மிதித்தது. கார் குலுங்காமல் நின்றது. மூன்று சக்கர வண்டிக்காரன் கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டான்.

நான் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே எட்டிப் பார்த்தேன். மகளும் அங்கேதான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது பிரேக்குக்குக் கீழே மாஸ்டரின் செருப்புகள் மட்டும் ஜோடியாகக் கிடந்தன. அவர் இரண்டு கால்களையும் மடக்கி இருக்கையின்மேல் வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.